பக் நாயும் நம் ஊர்க் கோடையும்

(நாகபுரி வாழ் தமிழ்க் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் நமக்கு முன் பேசியோர் திருக்குறளின் நுட்பத்தையும் கம்பனின் கவிச் சிறப்பையும் எடுத்துரைத்துச் சென்றனர். நாமோ மெட்ரிகுலேஷன் வரை படித்து, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலந்தள்ளி வருகிறோம். இலக்கியம் பேசும் தகுதி நமக்கில்லை என்று செயலாளர் அவர்களிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "உங்கள் வீட்டு மணியைப் பற்றிப் பேசுங்கள், கேட்க வேண்டியவர்கள் பலர் இருக்கிறார்கள்" என்று கூறிவிட்டார். மணி என்பது எங்கள் இல்லத்தில் ஆறு ஆண்டுகளாக வாழ்ந்துவரும் பக் நாய். எங்கள் குடியிருப்பில் இருந்த அதிகாரி ஒருவர் மாற்றலாகிச் சென்றபோது அதை எங்களிடம் ஒப்படைத்துச் சென்றார்.

நாயைப் பற்றிப் பேச ஒரு மேடையா என்று சிலர் நகைக்கக்கூடும். நம் சங்கக் குடும்பங்களில் மட்டும் ஏழெட்டு வீடுகளில் பக் நாய் இருக்கிறது. இன்னும் சில வாரங்களில் சித்திரை பிறந்துவிடும். இந்நகரின் சித்திரையும் வைகாசியும் எத்தகையவை என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடைத் தொடுவது இங்கே அதிசயமன்று. நமக்கு அது தொல்லை; பக் நாய்க்கோ அது உயிருக்கே ஆபத்து. எனவேதான் கோடைக்கு முன்பே இதைச் சொல்லிவிட விரும்பினோம்.

பக் நாயின் பூர்வீகம் சீன தேசம். அங்கே அரச குடும்பத்தாரின் மடியில் வளர்ந்த நாய் இது. 16ஆம் நூற்றாண்டில் கடல் வாணிகம் செய்த ஹாலந்து நாட்டினர் வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஹாலந்தின் ஆரஞ்சு அரச வமிசத்தார் இதனைப் போற்றி வளர்த்தனர். பின்னர் இங்கிலாந்திலும் புகழ் பெற்றது. விக்டோரியா மகாராணியார் பல பக் நாய்களை வளர்த்தார். அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகம் 1885ஆம் ஆண்டில் இதனைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வில்லியம் ஹோகார்த் என்னும் ஆங்கில ஓவியர் 1745ஆம் ஆண்டில் தம் உருவத்தைத் தாமே வரைந்து, அதன் முன்னே தம் பக் நாயையும் வரைந்தார். அப்படம் லண்டனில் டேட் ஓவியக் கூடத்தின் உடைமையாக இருக்கிறது. அதிலுள்ள நாய்க்கு மூக்கும் வாயும் முன்னோக்கி நீண்டிருக்கக் காணலாம். இன்றுள்ள பக் நாய்க்கு முகம் தட்டையாக, சுவரில் மோதி நின்றாற்போல் இருக்கிறது. இயற்கை இதைச் செய்யவில்லை. மழலை முகம் போல் இருப்பது அழகு என்று கருதி, தட்டை முகமுள்ள நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இணைத்து மனிதர் செய்த வேலை இது.

நம் நாட்டில் இதன் புகழ் பரவிய வரலாறு இளைஞர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கும். 2003ஆம் ஆண்டில் ஹட்ச் என்னும் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில், ஒரு சிறுவன் செல்லுமிடமெல்லாம் ஒரு பக் நாய் பின்தொடர்ந்து சென்றது. அதுவரை பலர் அறியாதிருந்த இந்நாய் வீட்டுக்கு வீடு வேண்டப்பட்டது. 2007இல் அந்நிறுவனம் வோடபோன் என்று பெயர் மாறியது. நாய்க்கு மட்டும் ‘ஹட்ச் நாய்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. விளம்பரத்தில் அந்நாய் நடப்பதைப் பார்த்தோம். அதன் மூச்சொலி நம் காதில் விழவில்லை.

அம்மூச்சைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். மனிதர்க்கு உடல் முழுவதும் வியர்வை சுரக்கிறது. அது உலரும்போது தேகம் குளிர்கிறது. நாய்க்குப் பாதங்களின் அடியில் மட்டுமே சிறிதளவு வியர்க்கும். ஆகவே அது நாவைத் தொங்கவிட்டு இரைத்து, நாவிலும் மூக்கினுள்ளும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே தன் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். நீண்ட மூக்குள்ள நாய்க்கு இதற்குப் போதிய இடமுண்டு. பக் நாய்க்கு எலும்பு குறுகிற்று. உள்ளிருக்கும் சதை அதே அளவில் குறுகவில்லை. மூக்குத் துவாரங்கள் சிறு கீறல்போல் ஒடுங்கியிருக்கும். வாயின் மேலண்ணத்துப் பின்சதை நீண்டு தொண்டையில் தொங்கி மூச்சுக் குழலின் வாயை அடைக்கும். இவ்வாறு ஒடுங்கிய வழியில் காற்றை இழுப்பதற்கே அது பெரிதும் உழைக்க வேண்டியிருக்கிறது. அவ்வுழைப்பாலேயே உடற்சூடு மேலும் ஏறுகிறது. சூட்டைத் தணிக்க இரைக்கிறது, இரைப்பதால் சூடேறுகிறது. இச்சுழலில் சிக்கிய நாய் சிறிது நேரத்திலேயே மயங்கி விழுந்துவிடும்.

பக் நாய் குறட்டை விடுவதைப் பார்த்து, "எங்கள் தாத்தாவைப் போலவே தூங்குகிறது" என்று நாம் சிரிப்பதுண்டு. அக்குறட்டை, மூச்சு வழி அடைபடுவதன் ஓசை. லண்டனிலுள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, இம்மூச்சடைப்பு நோய் பக் நாய்க்கு வருவதற்கான வாய்ப்பு ஏனைய நாய்களைவிட ஏறத்தாழ 54 மடங்கு அதிகம். ஆகவே, ஓய்வாகப் படுத்திருக்கும்போதே மூச்சு இரைந்து கேட்டாலும், தூக்கத்தில் திணறி எழுந்தாலும், சிறிது தூரம் நடந்ததும் உட்கார்ந்துவிட்டாலும் அதனை ‘இந்த இனத்தின் சுபாவம்’ என்று விட்டுவிடலாகாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும், நீண்ட அண்ணச் சதையைக் குறைக்கவும் அறுவைச் சிகிச்சை உண்டு. இளம் வயதிலேயே செய்துகொண்டால் பலன் அதிகம். நம் நகரில் செமினரி ஹில்ஸ் பகுதியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருப்பது நம் பாக்கியம்.

இனி, கோடையில் செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம். உலாவச் செல்வதைக் காலையில் கதிரவன் ஏறுமுன் முடித்துக்கொள்ள வேண்டும். மாலையில் சூரியன் மறைந்தாலும் தார்ச் சாலையின் சூடு உடனே ஆறாது. புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; உங்கள் கை பொறுக்காவிடில் அதன் பாதமும் பொறுக்காது. பகலில் வீட்டின் குளிர்ந்த அறையில், தரையில் படுக்க விட வேண்டும். குடிநீர்க் கிண்ணத்தை இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். வெட்டிவேர்த் தட்டி பொருத்திய கூலர், இந்நகரின் உலர்ந்த கோடைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ஆனி மாதத்தில் மழை வந்து காற்றில் ஈரம் மிகும்போது கூலரால் பயன் குறையும். இரைப்பதாலும் சூடு எளிதில் தணியாது. மழை வந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று எண்ணி நடுப்பகலில் விளையாட விடுவோர் இதை நினைவிற் கொள்ள வேண்டும். நிறுத்திய மோட்டார் காருக்குள் ஐந்து நிமிடமும் விட்டுச் செல்லலாகாது.

இவ்வளவுக்கும் மேல் வெப்பத் தாக்கு நேர்ந்தால் அறிவது எப்படி? மூச்சு பெரிதாக இரைக்கும், உமிழ்நீர் கோந்துபோல் தடித்து ஒழுகும், ஈறுகள் செக்கச்சிவந்து, பின்னர் நீலம் பாரிக்கும், நடை தள்ளாடும், வாந்தியும் வரலாம். நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். அது 105, 106 டிகிரியைத் தாண்டினால் உயிர் ஊசலாடுகிறது என்று பொருள். அவ்வேளையில் ஆட்டோ தேடி ஓடுமுன், நாயை நிழலில் கிடத்தி, குழாய்த் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி விசிற வேண்டும். தலையில் ஊற்றும்போது நீர் மூக்கினுள் புகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நினைவிருந்தால் சிறிது நீர் குடிக்கக் கொடுக்கலாம். நினைவில்லாத வாயில் நீர் ஊற்றலாகாது. ஈரத் துண்டால் போர்த்தி மூடிவிடலாகாது. துண்டு சூடேறி உள்வெப்பத்தை வெளியேற விடாது. முதலில் குளிரச் செய்வது, பிறகு கொண்டு செல்வது; வழியிலும் விசிறிக்கொண்டே செல்வது. இம்முறையைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். நண்பகலில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் அவர்களும் பாட்டிமார்களுமே அல்லவா?

அடுத்ததாக உணவு. இந்நாயின் எடை 6.3 முதல் 8.1 கிலோ வரை இருக்கலாம் என்பது இனத்தார் வகுத்த அளவு. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து நோக்கினால் இடுப்பு சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். உருண்டு திரண்டிருப்பதைக் கண்டு மகிழ்பவர்கள், கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பும் மூச்சு வழியை நெருக்குகிறது என்பதை அறிய வேண்டும். பக் நாய் எந்நேரமும் பசித்ததுபோல் நடிக்கும். நாம் சாப்பிடும்போது அது அண்ணாந்து பார்க்கும் பார்வையில் கல்லும் கரையும். அதற்கு நாம் கரையலாகாது. நாளைக்கு இரண்டு வேளை அளந்து கொடுத்தால் போதும். தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்ப்பது சத்துக் குறைவை உண்டாக்கும். முட்டை, கோழி முதலிய புரதம் வேண்டும். மரக்கறி உணவுக் குடும்பத்தார் மருத்துவரைக் கேட்டு, அதற்கென ஆயத்தமாக விற்கும் உணவைக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. ஆகவே சாம்பார்ச் சோறு வேண்டவே வேண்டாம். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. பண்டிகை நாளில் பாயசக் கிண்ணத்தை நக்க விடுவதும் தவறு. சாக்லேட்டும் நஞ்சே.

மூன்றாவதாகக் கண்ணும் தோலும். கண் குழி ஆழமில்லாததால் விழிகள் வெளியே பிதுங்கி நிற்கின்றன. தூசும் முள்ளும் பூனையின் நகமும் எளிதில் படும். கண்ணைச் சுருக்கினாலோ, நீர் வடிந்தாலோ, விழியில் வெண்புள்ளி தோன்றினாலோ அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நாளைக்கு என்று தள்ளிய கண் பறிபோய்விடும். கழுத்தில் பட்டை கட்டி இழுத்தால் மூச்சும் தடைப்படும், கண்ணுக்கும் கேடு. மார்பைச் சுற்றிப் பூட்டும் வார்தான் இதற்கு ஏற்றது. மூக்கின் மேலுள்ள மடிப்பை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியாலும் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் புண்ணும் நாற்றமும் வரும். மயிர் குட்டையாயிற்றே என்று எண்ண வேண்டாம். ஆண்டு முழுவதும் அது உதிர்க்கும் மயிரை எங்கள் வீட்டுப் பாயும் நம் அலுவலகச் சட்டையும் அறியும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீவிவிட்டால் ஓரளவு குறையும். ஏனைய நாய்களைப் போலவே இதற்கும் 42 பற்கள். குறுகிய தாடையில் அவை நெருங்கி முளைப்பதால் அழுக்குச் சேரும். பல் துலக்கிவிடும் பழக்கத்தைக் குட்டியிலேயே உண்டாக்க வேண்டும். உண்ணிகள் காய்ச்சலைப் பரப்புவதால் காதிலும் விரலிடுக்கிலும் அடிக்கடி தேடிப் பார்க்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் குறித்தபடி தவறாது போட வேண்டும். இது வீட்டிலுள்ள மனிதருக்கும் காவல்.

இத்தனை தொல்லையுள்ள பிராணியை ஏன் வளர்க்க வேண்டும் என்ற கேள்வி எழும். அதன் குணமே அதற்கு விடை. பக் நாய் வேட்டைக்கோ காவலுக்கோ உண்டானதன்று. மனிதரோடு இருப்பதே அதன் தொழில். அடுக்களைக்குச் சென்றால் அடுக்களைக்கும், கொல்லைக்குச் சென்றால் கொல்லைக்கும் பின்னாலேயே வரும். அதிகம் குரைப்பதில்லை. குழந்தைகளிடம் பொறுமை மிக்கது. பிடிவாதம் சற்று உண்டு. அடித்தால் மசியாது, ஒரு சிறு துண்டுத் தின்பண்டத்துக்கு எதையும் கற்றுக்கொள்ளும். சொந்த ஊரையும் உற்றாரையும் விட்டு, ரயில்வே குடியிருப்பின் இரண்டு அறைகளில் வாழும் நம் போன்றோர்க்கு இதன் அருமை தெரியும். நம் அன்னையார் ஊரிலிருந்து இங்கே வந்த புதிதில் மொழி தெரியாது, அண்டை அயல் தெரியாது, பகலெல்லாம் தனியே அமர்ந்திருப்பார். மணி வந்தபின் அவர் அதனோடு தமிழில் பேசுகிறார். அதுவும் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. ஆனால் இதே குணத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: தனிமை இதற்கு ஆகாது. கணவனும் மனைவியும் காலையில் கதவைப் பூட்டிச் சென்று இரவில் திரும்பும் இல்லத்தில் இந்நாய் ஏங்கிப்போகும். அத்தகையோர் இதனை வளர்க்க விரும்பாதிருத்தல் நலம்.

இப்போது நம் தொழிலைச் சார்ந்த ஒரு விஷயம். கோடை விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது நாயை என்ன செய்வது? குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் தமக்கே பதிவு செய்தவர்கள் நாயைத் தம்முடன் வைத்துக்கொள்ளலாம். ஏனையோர் நாயைப் பார்சல் அலுவலகத்தில் பதிவு செய்து, வண்டியின் பிரேக் வானிலுள்ள நாய்ப்பெட்டியில் ஏற்ற வேண்டும். விதிப்படி இது சரியே. ஆனால் நாகபுரியிலிருந்து சென்னை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். பல்லார்ஷாவும் ராமகுண்டமும் விஜயவாடாவும் கோடையில் எப்படிக் காயும் என்பதை அவ்வழியே சென்றவர் அறிவர்.

சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு நண்பகல், பெரியவர் ஒருவர் தம் பக் நாயைப் பதிவு செய்ய வந்தார். சீட்டும் தடுப்பூசிச் சான்றும் ஒழுங்காக இருந்தன. மறுக்க நமக்கு அதிகாரமில்லை. அவரை வண்டியருகே அழைத்துச் சென்று, "ஐயா, இந்தப் பெட்டியின் தகட்டில் சற்றே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்" என்றோம். வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் குடும்பத்தாரை வண்டியேற்றிவிட்டு, தாம் மட்டும் நாயுடன் வீடு திரும்பினார். பேரனின் காதணி விழாவுக்கு அவர் போகவில்லை என்று பிற்பாடு அறிந்தோம்.

அப்பெரியவர் செய்தது பெருமைக்குரியது. எனினும் ஒருவர் விழாவை இழந்துதான் ஒரு நாயைக் காக்க வேண்டுமா? நம் சங்கத்தார்க்கு நாம் ஒரு யோசனை கூறுகிறோம். ஊருக்குச் செல்லாத குடும்பங்கள், செல்லும் குடும்பங்களின் நாய்களை முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாமே! இந்த ஆண்டு நீங்கள் எங்கள் மணியைப் பாருங்கள். அடுத்த ஆண்டு உங்கள் செல்லத்தை நாங்கள் பார்க்கிறோம். புதிய வீட்டில் திகைக்காதபடி முன்பே இரண்டு மூன்று நாள் பழக்கிவிட்டால் போதும். சங்கக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் காரியம் நடந்துவிடும். எங்கள் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகிறோம்.

இறுதியாக, புதிதாகப் பக் நாய் வாங்க எண்ணும் இளைஞர்க்கு ஒரு சொல். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, நாய்களை இணைத்துக் குட்டி விற்போர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது. தாய் நாயைக் காட்ட மறுக்குமிடத்தில் வாங்காதீர்கள். தாயை நடக்கச் சொல்லி அதன் மூச்சைக் கேளுங்கள். மிகத் தட்டையான முகத்துக்கு மிகுந்த விலை கொடுக்காதீர்கள்; நாம் எதற்கு விலை கொடுக்கிறோமோ அதைத்தான் விற்பவர் மேன்மேலும் உண்டாக்குவார். இந்நாயை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்ற அதே ஹாலந்து நாட்டில், 2019ஆம் ஆண்டு முதல், மூக்கின் நீளம் மண்டையோட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்த நாய்களை இணைத்துக் குட்டி எடுப்பது தடுக்கப்பட்டுள்ளது. அவர்கள் யோசித்ததை, அவர்களைவிட வெப்பம் மிகுந்த நாட்டில் வாழும் நாம் யோசிக்க வேண்டாமா? துணைதான் வேண்டுமெனில், நம் தெருவிலேயே நீண்ட மூக்கோடும் நல்ல மூச்சோடும் பிறக்கும் குட்டிகள் ஏராளம். அன்பிலே அவை எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

ஏற்கெனவே நம் இல்லங்களில் வாழும் பக் நாய்கள் தம் முகத்தைத் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. அவற்றின் ஒவ்வொரு மூச்சும் பிறருடைய ஆசைக்கு அவை கொடுக்கும் வரி. அச்சுமையைச் சிறிதேனும் குறைப்பது வளர்ப்போர் கடமை. இக்கோடை கழிந்து ஆடியில் நாம் மீண்டும் கூடும்போது, நம் சங்கக் குடும்பங்களின் ஏழெட்டு நாய்களும் நலமாக இருக்கின்றன என்ற செய்தியைக் கேட்க விழைகிறோம். அதுவே இவ்வுரைக்கு நீங்கள் அளிக்கும் பரிசு.